படகை மேலே ஏற்றும் தொட்டிகள்: கால்வாய் லிஃப்ட் வேலை செய்யும் விதம்

ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் நகரில் ஒரு பிரம்மாண்டமான சக்கரம் இருக்கிறது. கீழே ஒரு நீர்நிலை, அதற்கு 24 மீட்டர் மேலே ஒரு கால்வாய். படகு கீழே நுழைகிறது, சக்கரம் அரைச் சுற்று சுற்றுகிறது, படகு மேலே வெளியேறிப் போய்க்கொண்டே இருக்கிறது. 2002-ல் திறக்கப்பட்ட இந்த ஃபால்கிர்க் சக்கரத்தின் காணொளிகள் இணையத்தில் ஓயாமல் வலம் வருகின்றன. கூடவே அரைகுறை விளக்கங்களும் வருகின்றன. செலவே இல்லாமல் ஓடும் இயந்திரம் என்கிறார்கள் சிலர். பெரிய படகு ஏறினால் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துவிடாதா என்று கேட்கிறார்கள் வேறு சிலர். எவ்வளவு பலமான மோட்டார் பூட்டியிருப்பார்கள் என்று வியப்பவர்களும் உண்டு.

இந்த மூன்று பேச்சிலும் கவனம் எடையின் மேல்தான் இருக்கிறது. ஆனால் படகு லிஃப்டில் எடை பெரிய தலைவலியே அல்ல. மிதக்கும் பொருளின் இயல்பே அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. பொறியாளர்களின் உழைப்பு வேறு இடத்தில் செலவாகிறது: நீரைச் சரியான அளவில், சாயாமல், ஒழுகாமல் வைத்திருப்பதில்.

சீறும் ஆறும் படிக்கட்டுக் கால்வாயும்

முதலில், கால்வாயில் படகை ஏன் தூக்க வேண்டும்?

ஆறு சரிவில் ஓடுகிறது. சரிவு கூடும் இடங்களில் நீர் சீறிப் பாய்கிறது; பாறைகளில் மோதிச் சுழல்கிறது. கீழ்நோக்கி வரும் படகு கட்டுப்பாட்டை இழக்கும், மேல்நோக்கிப் போகும் படகால் நகரவே முடியாது. சரக்குப் படகுகளுக்கு வேண்டியது அமைதியான நீர். அதற்காகத்தான் ஆற்றுக்குப் பக்கத்திலோ, இரண்டு ஆறுகளுக்கு நடுவிலோ கால்வாய் வெட்டினார்கள்.

நீர் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் அதன் மட்டம் கிடையாக இருக்க வேண்டும். நிலமோ ஏறி இறங்கிக் கிடக்கிறது. ஆகவே கால்வாயைச் சமதளத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நீண்ட குளம்தான். இயற்கையில் பல கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கும் இறக்கம் முழுவதும் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரே படியாக வந்து நிற்கிறது. படகு அந்தப் படியை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி.

பழைய பதில்: நீர்ப்பூட்டு

இதற்கு முதலில் கிடைத்த நல்ல விடை நீர்ப்பூட்டு. இரண்டு பக்கமும் கதவுள்ள ஓர் அறை அது. படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வரும். கதவை மூடி, மேல் கால்வாயிலிருந்து நீரைத் திறந்துவிட்டால் அறை நிரம்பும், படகும் கூடவே உயரும். பிறகு மேல்கதவைத் திறக்க வேண்டியதுதான். எளிமையானது, மலிவானது, எஞ்சின் இல்லாமலே நடப்பது. உலகக் கால்வாய்களில் இன்றும் பெரும்பாலான படிகளைக் கடக்க உதவுவது இதுதான்.

ஆனால் இது நீரைக் குடிக்கும். 30 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள ஒரு பூட்டு 3 மீட்டர் உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை நிரப்ப 540 டன் நீர் வேண்டும். அத்தனையும் மேல் கால்வாயிலிருந்து இறங்கிப் போய்விடும். கால்வாயின் உச்சிப் பகுதி மேட்டில் இருப்பதால் அங்கே வந்து சேரும் நீரும் குறைவு. கோடையில் பூட்டைத் திறக்கவே யோசிக்க வேண்டியிருக்கும்.

நேரமும் ஆகும். உயரம் அதிகமென்றால் ஒரே பூட்டு போதாது, வரிசையாகக் கட்ட வேண்டும். ஃபால்கிர்க்கில் வெவ்வேறு உயரத்திலுள்ள இரண்டு கால்வாய்களை இணைக்க அப்படி 11 பூட்டுகள் இருந்தன. போக்குவரத்து குறைந்துபோய், 1933-ல் அவற்றை அகற்றினார்கள். இரண்டு கால்வாய்களும் பல பத்தாண்டுகள் துண்டாகவே கிடந்து, சக்கரம் வந்த பிறகுதான் மறுபடி இணைந்தன.

சுருக்கமாக: கால்வாய் என்பது படிப்படியான குளங்களின் வரிசை. நீர்ப்பூட்டு படகை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றும். ஒவ்வொரு முறையும் ஏராளமான நீரைக் கீழே இழக்கும். நீரை இழக்காமல் படகை ஏற்ற முடியுமா என்ற கேள்விக்கு வந்த விடைதான் லிஃப்ட்.

படகு ஏறினாலும் எடை கூடாத தொட்டி

படகு லிஃப்டில் மேலும் கீழும் போவது நீர் நிரம்பிய ஒரு பெரிய தொட்டி. இரண்டு முனைகளிலும் கதவுகள் உண்டு. படகு தண்ணீரைவிட்டு வெளியே வருவதே இல்லை. தொட்டிக்குள் மிதந்தபடியே ஏறுகிறது, இறங்குகிறது.

இதன் சூட்சுமம் புரிய, ஒரு பெரிய தராசைக் கற்பனை செய்யுங்கள். இரண்டு தட்டுகளிலும் ஒரே அளவுள்ள அண்டாக்கள், இரண்டிலும் விளிம்பு வரை நீர். முள் நடுவில் நிற்கிறது. இப்போது ஓர் அண்டாவில் மட்டும் ஒரு மரக்கட்டையை மெதுவாக மிதக்க விடுங்கள். கொஞ்சம் நீர் வழியும். அது தட்டில் தேங்காமல் வெளியே போய்விடட்டும். முள் எந்தப் பக்கம் சாயும்?

எந்தப் பக்கமும் சாயாது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் சொன்னது இது. கட்டை இரண்டு கிலோ என்றால் வழிந்துபோன நீரும் இரண்டு கிலோ. வந்ததும் போனதும் சரியாகிவிடுகிறது.

லிஃப்டில் நடப்பதும் இதுவே. தொட்டியின் கதவு கால்வாயை நோக்கித் திறந்திருக்கும்போது படகு உள்ளே வருகிறது. 100 டன் படகு என்றால் 100 டன் நீர் கதவு வழியாகக் கால்வாய்க்கு வெளியேறிவிடுகிறது. பிறகு கதவை மூடுகிறார்கள். தொட்டியின் மொத்த எடை படகு வருவதற்கு முன் எவ்வளவோ, இப்போதும் அவ்வளவே. ஒரு படகு, நான்கு படகு, வெறும் நீர், எதுவானாலும் வித்தியாசமில்லை. பெரிய படகு ஏறினால் இழுத்துவிடாதா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. படகு தரைதட்டாமல் மிதக்க வேண்டும். அதைவிட முக்கியம், கதவை மூடும்போது தொட்டியின் நீர்மட்டம் ஒவ்வொரு முறையும் குறித்த உயரத்தில் இருக்க வேண்டும். பெல்ஜியத்தின் ஸ்ட்ரெப்பி-தியூ லிஃப்டின் தொட்டி 112 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். அதன் நீர்மட்டத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மாறினால் 13 டன்னுக்கு மேல் எடை மாறிவிடும். பத்து சென்டிமீட்டர் என்றால் 134 டன். படகின் எடையைப் பற்றி யாரும் கவலைப்படாத இடத்தில் நீர்மட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒன்று இறங்க, மற்றது ஏறும்

எடை மாறாத தொட்டி கைக்கு வந்துவிட்டால் மிச்சம் எளிது. அதே எடையுள்ள இன்னொன்றை அதற்கு எதிராக நிறுத்திவிட வேண்டும். எதை நிறுத்துவது என்பதில்தான் லிஃப்டுகள் வேறுபடுகின்றன.

இங்கிலாந்தின் ஆண்டர்டனில் 1875-ல் திறந்த லிஃப்டில் ஒரு தொட்டிக்கு எதிராக இன்னொரு தொட்டியையே வைத்தார்கள். வீவர் ஆற்றுக்கும் அதற்கு 15 மீட்டர் மேலே இருக்கும் கால்வாய்க்கும் இடையே படகுகள் போய்வரக் கட்டியது அது. ஒவ்வொரு தொட்டியும் ஒரு பெரிய உலோகத் தண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. தண்டு, நிலத்தில் புதைத்த நீர் நிரம்பிய உருளைக்குள் இறங்கும். இரண்டு உருளைகளையும் ஒரு குழாய் இணைத்தது. ஒரு தண்டு கீழே அமுங்கினால் அந்த உருளையின் நீர் குழாய் வழியாகப் போய் அடுத்த தண்டை மேலே தள்ளும். அடைபட்ட திரவத்தின் மூலம் விசையைக் கடத்தும் இந்த முறையைத்தான் ஹைட்ராலிக் என்கிறோம்.

சமமாக நிற்கும் இரண்டில் எது நகரும்? அதற்காக மேல் தொட்டியில் கீழ்த் தொட்டியைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் கூடுதலாக நீர் இருக்கும்படி செய்வார்கள். அந்தக் கூடுதல் எடையே மேலிருப்பதைக் கீழே இறக்கி, கீழிருப்பதை மேலே ஏற்றிவிடும்.

கனடாவின் பீட்டர்பரோவில் 1904-ல் திறந்த லிஃப்ட் இதே முறையில் இன்றும் நடக்கிறது. உயரம் ஏறக்குறைய 20 மீட்டர். அங்கே மேல் தொட்டியில் விடும் கூடுதல் நீர் ஓரடி ஆழம், ஏறத்தாழ 130 டன். படகுகளை நகர்த்துவது அந்த ஓரடி நீர்தான். எனக்கு இந்த வகை லிஃப்டுகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒரு கொள்கையை இவ்வளவு நேரடியாகக் கட்டிக் காட்டிய கட்டுமானம் அபூர்வம்.

ஆண்டர்டனில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே கீழ்த் தொட்டி ஆற்று நீருக்குள்ளேயே இறங்கும். நீரில் முழுகத் தொடங்கியதும் ஆறு அதைத் தாங்க ஆரம்பிக்கும். தொட்டியின் எடை குறைந்தது போலாகி, சமநிலை கெட்டுவிடும். கடைசிச் சில அடிகளுக்கு வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துத்தான் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. மிதக்கும் படகுக்கு உதவிய அதே விதி, தொட்டிக்கு எதிராகத் திரும்பிய இடம் இது. பின்னால் வந்தவர்கள் கீழ்த் தொட்டி நீர் இல்லாத வறண்ட குழிக்குள் இறங்குமாறு கட்டினார்கள்.

இரண்டாவது வழி எதிர் எடை. தொட்டியைக் கம்பி வடங்களில் தொங்கவிட்டு, வடங்களின் மறுமுனையில் அதே எடைக்கு கான்கிரீட் கட்டைகளைத் தொங்கவிடுவது. ஜெர்மனியின் நீடர்ஃபினோவில் 1934-ல் திறந்த 36 மீட்டர் லிஃப்ட் இந்த வகை. நீர் நிரம்பிய தொட்டி சுமார் 4,300 டன், அதைத் தாங்குபவை 256 எஃகு வடங்கள். ஸ்ட்ரெப்பி-தியூ 73 மீட்டர் உயர்த்துகிறது. அதுவும் இதே முறைதான். எதிர் எடை முறையில் ஒவ்வொரு தொட்டியும் தனித்து இயங்கும். ஒன்று பழுதானால் மற்றது நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி கொஞ்சம் விசித்திரமானது. ஜெர்மனியின் ஹென்ரிஷன்பர்க்கில் 1899-ல் திறந்த லிஃப்டில், நிலத்தில் தோண்டிய ஐந்து ஆழமான நீர்க்கிணறுகளுக்குள் ஐந்து பெரிய மிதவைகள் இருந்தன. மிதவைகளின் மேல் தூண்கள், தூண்களின் மேல் தொட்டி. தொட்டியின் எடையை மிதவைகளே சுமந்தன.

சுருக்கமாக: தொட்டியின் எடை மாறுவதில்லை. அதற்கு எதிராக இன்னொரு தொட்டி, கான்கிரீட் கட்டை, மிதவை என ஏதோ ஒன்று சரிசமமாக நிற்கிறது. மோட்டாருக்கு மிஞ்சும் வேலை, உராய்வைச் சமாளித்து நகரவைப்பதும் சரியான இடத்தில் நிறுத்துவதும்தான்.

ஃபால்கிர்க் சக்கரம்: தொட்டி ஏன் கவிழ்வதில்லை

ஃபால்கிர்க்கில் இரண்டு தொட்டிகளும் ஒரே அச்சின் இருபுறமும் நீளும் கைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,50,000 லிட்டர் நீர் கொள்ளும். சக்கரம் சுற்றும்போது தொட்டிகள் தங்கள் எடையாலேயே நேராகத் தொங்கிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விட்டிருந்தால் உராய்வு தொட்டியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும், நீர் ஒரு முனைக்கு ஓடும், பிறகு தொட்டி ஊசலாடத் தொடங்கும்.

அதனால் பல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய பல்சக்கரம். அது சுழலாது, அசையாமல் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு தொட்டியிலும் அதே அளவில் ஒரு பல்சக்கரம். இரண்டுக்கும் இடையில் இணைப்புக்கு ஒரு சிறிய பல்சக்கரம். கை எவ்வளவு பாகை சுற்றுகிறதோ, தொட்டியின் பல்சக்கரம் சரியாக அவ்வளவு பாகை எதிர்த்திசையில் சுற்றிவிடும். கூட்டிக் கழித்தால் தொட்டிக்குச் சுழற்சி பூஜ்யம். நீர்மட்டம் எப்போதும் கிடையாகவே இருக்கிறது.

அப்படியானால் ஆற்றல் இலவசமா?

ஃபால்கிர்க்கில் ஓர் அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 1.5 யூனிட் மின்சாரம் போதும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரிதான். ஒரு தொட்டியின் 250 டன் நீரை எதிர் எடையில்லாமல் 24 மீட்டர் தூக்குவதாகக் கணக்குப் போட்டால் 16 யூனிட்டுக்கு மேல் வரும். தொட்டியின் எஃகு எடையைச் சேர்க்காமலே. சமநிலையால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை.

ஆனால் 100 டன் படகு 24 மீட்டர் ஏறியிருக்கிறதே, அதற்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது? காணொளிகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. கொஞ்சம் நிதானமாகப் பின்தொடருங்கள்.

கீழே படகு நுழைந்தபோது 100 டன் நீர் கீழ் நீர்நிலைக்குப் போயிற்று. தொட்டி மேலே ஏறியது. மேலே படகு வெளியேறும்போது அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப 100 டன் நீர் மேல் கால்வாயிலிருந்து தொட்டிக்குள் வந்தது. இந்தத் தொட்டி அடுத்து வெறும் நீரோடு கீழே இறங்கினால், மேல் கால்வாயின் 100 டன் நீர் கீழே வந்துவிட்டது என்று அர்த்தம். ஆக, 100 டன் படகு மேலே போனதற்கு ஈடாக 100 டன் நீர் கீழே இறங்கியிருக்கிறது. படகுக்கான ஆற்றல் அந்த நீரிலிருந்து வந்தது.

இதைத் திருப்பிப் பாருங்கள், இன்னும் சுவையாக இருக்கும். படகு மேலிருந்து கீழே இறங்கினால், அதன் எடைக்குச் சமமான நீர் மேல் கால்வாய்க்கு ஏறிவிடும். மேலே போகும் படகுகளும் கீழே வரும் படகுகளும் மொத்த எடையில் சமமாக இருந்தால் மேல் கால்வாய்க்கு இந்தக் கணக்கில் இழப்பே இல்லை. நீர்ப்பூட்டோ படகு எந்தத் திசையில் போனாலும் மேல் கால்வாயைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

சுருக்கமாக: எதுவும் இலவசமாக வருவதில்லை. படகு ஏறினால் நீர் இறங்குகிறது, படகு இறங்கினால் நீர் ஏறுகிறது. மின்சாரம் உராய்வுக்கும், வேகமெடுத்து நிற்பதற்கும், காற்றின் தள்ளலுக்கும் செலவாகிறது.

நீரை அலையவிடாமல் வைத்திருப்பது

சீறும் ஆற்றை விட்டுத் தப்பி வந்த படகு, தொட்டிக்குள்ளேயே அலையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. நான் முன்பே சொன்ன உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான்.

தொட்டி நேர்செங்குத்தாக ஏறி இறங்கினால் நீர்மட்டம் சாய்வதில்லை. ஆபத்து, ஒரு முனை மற்றதைவிடச் சற்றுத் தாழும்போது வருகிறது. தாழ்ந்த பக்கம் நீர் ஓடும், அந்தப் பக்கம் எடை கூடும், இன்னும் தாழும், இன்னும் நீர் ஓடும். சிறிய சாய்வு தன்னைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். கல்லும் மண்ணும் ஏற்றிய மேடையில் இந்தப் பிரச்சினை கிடையாது, சரக்கு தானாக ஓடாது. நீர் ஓடும். அதனால் தொட்டியின் பல இடங்களில் உள்ள மோட்டார்களை நீண்ட சுழல்தண்டுகளால் ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். ஒரு மூலை மட்டும் தனியாக முந்தவோ பிந்தவோ முடியாது. ஹென்ரிஷன்பர்க்கில் இந்த வேலையைச் செய்தவை நான்கு பிரம்மாண்டமான திருகுத்தண்டுகள்.

படகைத் தண்டவாளச் சரிவில் தொட்டியோடு இழுத்துச் செல்லும் அமைப்புகளும் உண்டு. பெல்ஜியத்தின் ரோன்கியேரில் 1968-ல் திறந்தது, சுமார் 1.4 கிலோமீட்டர் நீளச் சரிவில் 68 மீட்டர் ஏற்றுகிறது. அங்கே தொட்டி முன்னோக்கியும் நகர்வதால் திடீரென்று வேகமெடுத்தாலோ நின்றாலோ நீர் ஒரு முனையில் குவியும். அதனால் நிதானமாகத்தான் போக முடியும். செங்குத்து லிஃப்டுக்கு இந்த வகையில் அனுகூலம் அதிகம்.

கதவுகளின் வேலையும் நுணுக்கமானது. தொட்டிக்கு ஒரு கதவு, கால்வாய்க்கு ஒரு கதவு. தொட்டி வந்து சேர்ந்ததும் அதை முதலில் அசையாமல் பூட்ட வேண்டும், ஏனென்றால் கதவு திறந்த பிறகு எடை மாறலாம். பிறகு இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஓரங்களில் ரப்பரால் அடைத்து, அதில் நீர் நிரப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்று உறுதியான பிறகே கதவுகள் திறக்கும். மட்டத்தில் வித்தியாசம் இருக்கும்போது திறந்தால் நீர் பாய்ந்துவந்து, கட்டிவைத்த படகையே இழுக்கும். புறப்படும்போது இதே வேலைகள் தலைகீழ் வரிசையில் நடக்கும்.

சமநிலை குலைந்தால்

1882-ல் ஆண்டர்டனில், படகோடு மேலே நின்றிருந்த தொட்டியின் வார்ப்பிரும்பு உருளை வெடித்தது. தொட்டி வேகமாக இறங்கியது. ஆனால் உருளையிலிருந்த நீர் விரிசல் வழியாக வெளியேற நேரம் எடுத்ததாலும், கீழே தண்ணீர் இருந்ததாலும் விழுந்த வேகம் தணிந்தது. யாருக்கும் காயமில்லை.

பிற்கால லிஃப்டுகள் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. தொட்டி ஒழுகினால் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான டன் எடை குறைந்து, எதிர் எடை அதை மேலே இழுக்கத் தொடங்கும். இதைச் சமாளிக்க நீடர்ஃபினோவில் ஓர் அழகான ஏற்பாடு செய்தார்கள். கோபுரத்தில் மேலிருந்து கீழ்வரை மரையுள்ள தூண்கள். தொட்டியில் அந்த மரைக்குள் சுழலும் குட்டையான திருகுகள். சாதாரணமாகத் திருகு மரையைத் தொடாது, சிறு இடைவெளி விட்டு மோட்டாரோடு சேர்ந்து சுழன்றுகொண்டே போகும். எடை எல்லை மீறி மாறினால் தொட்டி சற்று நகர்ந்து, திருகு மரையில் உட்கார்ந்துவிடும். அதன்பின் சுமை முழுவதும் கோபுரத்தின் மேல். தொட்டி அங்கேயே நின்றுவிடும். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2016-ல் இயங்கத் தொடங்கிய லிஃப்ட் 3,000 டன் வகைக் கப்பல்களை 113 மீட்டர் வரை ஏற்றுகிறது. தொட்டியும் நீருமாக ஏறத்தாழ 15,500 டன். அங்கேயும் காவல் இதே கொள்கைதான்.

லிஃப்டின் எல்லை எடையில் இல்லை, நீள அகலத்தில்

நீடர்ஃபினோவில் 2022-ல் பழைய லிஃப்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். ஏறும் உயரம் அதே 36 மீட்டர்தான். பழைய லிஃப்டால் கனமான படகைத் தூக்க முடியவில்லை என்பதல்ல காரணம். தொட்டிக்குள் மிதக்க முடிந்த எந்தப் படகையும் அது ஏற்றியது. ஆனால் பழைய தொட்டி 85 மீட்டர் நீளம். இன்றைய சரக்குப் படகுகள் பல அதைவிட நீளமானவை, அவை உள்ளே நுழையவே முடியாது. புதிய தொட்டி 115 மீட்டர். ஒரு லிஃப்டின் திறனைப் பற்றிப் படிக்கும்போது எத்தனை டன் என்ற எண்ணோடு தொட்டியின் நீளம், அகலம், ஆழம் என்ன என்பதையும் தேடிப் பாருங்கள். எந்தப் படகு ஏறும், எது ஏறாது என்பதை அந்த மூன்று அளவுகளே சொல்லிவிடும்.